கீப்பர் யாரைப் பார்க்கிறான்?

பந்து வலைக்குள் போனதை நான் பார்க்கவில்லை. கிளீட்டஸின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன சீசனில் எங்களுடைய கடைசி ஆட்டம் அது. எதிரே காஞ்சிரங்குளத்து அணி. சமனில் முடித்தாலே நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், வலையை ஒட்டி, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வலையிலிருந்து மீன் கவிச்சி அடித்தது. கிளீட்டஸ் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டிய பழைய மீன்வலை அது.

கிளீட்டஸ் எங்கள் கீப்பர். பொழியூர்க் கடற்கரைக்காரன். வாரம் முழுக்கக் கடலில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு எங்களுக்காக ஆட வருவான்.

காஞ்சிரங்குளத்துப் பையன் ஒருவன் ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். கிளீட்டஸ் கோலை விட்டு முன்னேறினான். முன்னேறியவன் பந்தைப் பார்க்க வேண்டாமா? முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தூரத்தில் நின்ற பலா மரத்தைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். பஸ்ஸைத் தவறவிட்டவன் காலியான ரோட்டைப் பார்ப்பதுபோல் அவன் முகம் போயிற்று. பையன் அடித்துவிட்டான். கிளீட்டஸ் இடப்பக்கம் பாய்ந்தான். வலப்பக்கம் பாதிக் கோல் திறந்து கிடந்தது. பந்து அந்த வழியே மெதுவாக உருண்டு, என் காலடியில் வலையில் வந்து முட்டியது.

"வித்துட்டான்" என்று என் பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

நான் சொல்லவில்லை. சீசன் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதால் அன்றைக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடி

போன வாரப் பத்தியில், பனச்சமூட்டில் நான் ரப்பர் ஷீட் கடை போட்ட கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் யாரையுமே நம்ப மாட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் நல்ல எண்ணத்தோடு கேட்டாரா, குத்திக்காட்டக் கேட்டாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரப்பர் ஷீட் வாங்குகிறவள் சந்தேகப்படாமல் இருக்க முடியாது. நன்றாகக் காய்ந்த ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். ஈரம் இருந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஈரம் எடை கூட்டும். அதனால் நல்ல ஷீட்டுகளுக்கு நடுவில் ஒரு ஈர ஷீட்டைச் செருகிக்கொண்டு வந்து, "நல்லா ஒணங்கினதாக்கும் சேச்சி" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. இப்போது யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் நடு ஷீட்டைத்தான் முதலில் உருவிப் பார்ப்பேன்.

பந்தாட்டத்துக்கும் இதே கண்ணோடுதான் போகிறேன்.

எங்கள் கிளப்புக்கு ஒற்றைப்பனை கிளப் என்று பெயர். குன்னத்துகால் போகிற வழியில் மைதானம். பெயருக்குக் காரணமான பனை எப்போதோ விழுந்துவிட்டது. என் தம்பி மணியன்தான் செயலாளர். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஸெவன்ஸ் ஆட்டம். அக்கம்பக்கத்துக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து, மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஆரம்பித்து, சீசன் முழுக்க ஞாயிறுதோறும் எங்கள் மைதானத்திலேயே நடத்துகிறார்கள்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து வந்த பிறகு வெளிநாட்டு ஆட்டங்களை மட்டும்தான் பார்ப்பார், அதுவும் டிவியில். "அதாக்கும் களி. நிங்க ஆடுதது மாடு மேய்க்கியது" என்பார். டிவியில் அவர்கள் காட்டுகிற இடத்தைத்தான் நாம் பார்க்க முடியும். காட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அது ஒத்துவராது.

மைதானத்தில் நான் நிற்கிற இடம் நடுக்கோட்டுக்கு நேரே, வேலியோரத்துப் பலா மரத்தடி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே இடம். அங்கே நின்றால்தான் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சும் எதிராளிகளின் பெஞ்சும் ஒன்றாகத் தெரியும். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். ஒரு ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த மஞ்சள் குடை. கண்ணைக் குத்துகிற மஞ்சள். இனாமாகக் கொடுப்பதென்றால் விற்காத நிறத்தைத்தானே கொடுப்பார்கள்.

இந்த வருஷத்து ஆட்கள்

சீசன் வந்தால் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். டீக்கடையில் கேட்கிறார்கள், ஷீட் கொண்டுவருகிறவர்கள் தராசில் வைப்பதற்கு முன்னாலேயே கேட்கிறார்கள். "இந்த வருசம் நமக்கு கப்பு உண்டா சேச்சி?"

என் அபிப்பிராயத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முன்வரிசையில் ஆடுகிற ஷிபுவுக்குக் கால் உண்டு, வேகம் உண்டு. ஆனால் நர்சிங் முடித்துவிட்டு விசாவுக்காகக் காத்திருக்கிறான். பந்து அவன் காலில் இருக்கும்போதுகூட அவன் மனம் ஏர்போர்ட்டில் இருக்கிறது. நல்ல நேரம் பார்த்துப் பறந்துவிடுவான் என்று நான் நினைக்கிறேன்.

ஸ்டாப்பர் அனில் ஆட்டோ ஓட்டுகிறவன். பின்னால் மலைபோல நிற்பான். போன வருஷத்தைவிட இந்த வருஷம் மலை கொஞ்சம் அகலமாகிவிட்டது. கேட்டால் ஜெர்சி சுருங்கிவிட்டது என்கிறான்.

நடுவில் ஆடுகிறவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். விடியுமுன் எழுந்து அத்தனை மரத்துக்கும் நடந்துவிட்டு வந்தால் இரண்டாம் பாதியில் கால் எங்கே எழும்பும்? மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. அதனால் மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் நன்றாக ஆடுவான்.

பிறகு, வெளியூரிலிருந்து கூலி பேசிக் கூட்டிவருகிற ஒரு கெஸ்ட் ஆட்டக்காரன். வடக்கேயிருந்து வந்திருக்கிறான். மணியன் வாட்ஸ்அப் குழுவில் அவன் வீடியோவைப் போட்டு ஆகா ஓகோ என்கிறான். அந்த வீடியோவில் அவன் கோல் அடிக்கிறது மட்டும்தான் இருக்கிறது. தவறவிட்டது எங்கே என்று கேட்டேன். "அக்கா, நீ ஆளுவள ஷீட்டு மாதிரி பாக்காத. மனுசனாக்கும்" என்றான் மணியன்.

"ஷீட்டுல ஈரம் இருந்தா வெள்ளையாத் தெரியும். மனுசனுக்குத் தெரியாதுலே. அதுனால கூடுதலாப் பாக்கணும்" என்றேன்.

மிச்சம் கீப்பர். எல்லாம் அவனில்தான் வந்து நிற்கிறது. கீப்பர் நன்றாக இருந்தால் இந்த ஓட்டை உடைசலை வைத்துக்கொண்டும் அரையிறுதி வரை போகலாம். அவன் சரியில்லை என்றால் வடக்கேயிருந்து யார் வந்தும் புண்ணியமில்லை.

வெள்ளைச் சட்டை

கிளீட்டஸைப் பற்றி எனக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று சொல்ல வேண்டும்.

அதே பலா மரத்தடியில், எனக்குப் பின்னால், இன்னொருவரும் வந்து நிற்பார். சுகுமாரன். காஞ்சிரங்குளத்து அணியின் மானேஜர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். அவர்களுக்கு ஆட்டம் இல்லாத நாளிலும் வருவார். எங்கள் ஆட்டக்காரர்களை நோட்டம் பார்க்கத்தான் வருகிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிழலுக்காக நிற்பதாக அவர் சொல்வார். மைதானத்தைச் சுற்றி எத்தனை மரம் இருக்கிறது!

போன சீசனின் இரண்டாவது ஆட்டத்திலோ மூன்றாவது ஆட்டத்திலோதான் நான் முதலில் கவனித்தேன். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கிளீட்டஸ் எங்கள் பக்கமாகப் பார்த்தான். பந்து எங்கோ இருக்கிறது, இவன் பலா மரத்தைப் பார்க்கிறான். முன்னே வரும்போது பார்ப்பான், பின்னே போகும்போது பார்ப்பான். சில சமயம் கையை உயர்த்தி இடமாகவோ வலமாகவோ லேசாக அசைப்பான். ஒருமுறை அப்படி அசைத்தபோது என் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினேன். சுகுமாரன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜாடை காட்டுகிறான், அவர் சிரிக்கிறார். இன்னும் என்ன வேண்டும்?

மணியனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் அவனும் பார்த்தான். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு விஷயத்தை இப்படிப் பார் என்று சொல்லிவிட்டால் பிறகு அப்படித்தான் தெரியும்.

அதனால்தான் காஞ்சிரங்குளத்தோடு ஆடிய அந்தக் கடைசி ஆட்டத்தில், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று இரண்டாம் பாதியில் குடையை மடக்கிக்கொண்டு கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் கண் எந்த ஆள்மேல் போகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? அன்றைக்கு நான் கண்டதைத்தான் ஆரம்பத்தில் எழுதினேன். பலா மரத்தடியில் சுகுமாரன் மட்டும் தனியாக நின்றார். கிளீட்டஸ் அந்த இடத்தைத்தான் இரண்டு தடவை பார்த்தான். பாதிக் கோலைத் திறந்து போட்டான்.

ஊரே பார்த்துவிட்டது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அவன் கேட்ட ஒரே கேள்வி

இந்த சீசனுக்கு ஆள் எடுக்கிற கூட்டம் கிளப் அறையில் நடந்தது. கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கிளீட்டஸை எடுப்பதில்லை என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதை யார் சொல்வது என்பதில்தான் பேச்சு இழுத்தது. ஆட்டத்தை விற்றவன் என்று ஒரு கிளப் விலக்கினால் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அவனைத் தொட மாட்டார்கள். பொழியூரில் நடக்கப் பழகிய பிள்ளைகள் எல்லாம் பந்து உதைக்கிற பிள்ளைகள்தான். அங்கே அந்தப் பெயரோடு அவன் எப்படிக் கடற்கரையில் நடப்பான் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. அதற்காக விட்டுவிட முடியுமா என்றும் தோன்றியது.

அப்போதுதான் வாசலில் பைக் நின்றது. கிளீட்டஸ் உள்ளே வந்தான். ஓங்கு தாங்கான ஆள். வாசல் நிலையில் இடிக்காமல் தலை குனிந்துதான் வந்தான். உட்காரவில்லை.

"நான் வழக்குப் பேச வரல்ல. ஒரு காரியம் மட்டும் கேட்டுட்டுப் போறேன். அண்ணைக்கு அந்த மஞ்சக் கொட எங்க போச்சு?"

யாருக்கும் புரியவில்லை. மணியன்தான், "எந்தக் கொடலே?" என்றான்.

"சேச்சிக்க கொட. எல்லாக் களிக்கும் பிலா மூட்டில நிக்குமே. அண்ணைக்கு ரெண்டாம் பாதியில நான் நோக்கினப்பம் காணல்ல."

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் குடையைப் பார்த்தேன். அது மூலையில் சாத்தியிருந்தது.

பிறகு அவன் சொன்னான். அவன் ஒன்றும் அடக்கமாகப் பேசுகிறவன் இல்லை; தன்னை மிஞ்சி இந்தக் கரையில் கீப்பர் கிடையாது என்கிற நினைப்பு அவன் குரலிலேயே இருக்கும். "கடல்ல வலை போடுத எடத்த எப்படிப் பிடிக்கோம்? கரையத் திரும்பிப் பாக்கோம். கிட்டத்துத் தெங்கும் தூரத்து மலையும் ஒண்ணுக்க மேல ஒண்ணு வந்தா, அதுக்குக் கீழ பாறை உண்டு, மீனு உண்டு. கணிச்சம்னு சொல்லுவோம். இங்க எனக்குக் கணிச்சம் சேச்சிக்க கொடையும் அதுக்கப் பின்னால தூரத்துல நிக்கிய செல்போன் டவருமாக்கும். கொட டவருக்க மூட்டில நின்னா நான் கோலுக்கு நடுவில. கொட வெலகினா நானும் வெலகீட்டேன். மத்தப் பாதியில டவருக்குப் பதிலு தண்ணி டாங்கு. பின்னால திரும்பி போஸ்ட்டப் பாக்காண்டாம். பாக்க நேரத்துல அவன் அடிச்சிருவான்."

"எதிர்ல நிக்கிய போஸ்ட்டப் பாத்தாப் போராதா?" என்று அனில் கேட்டான்.

"அதுக்க முன்னால பதிமூணு தல கெடந்து ஓடுது. இந்த கிரவுண்டில ஓடாம, அசையாம நிக்கிய ஒரே ஆளு சேச்சியாக்கும்."

நான் விடவில்லை. "கை காட்டினது?"

"நிங்க செல நேரம் மரத்துல சாய்ஞ்சு நிப்பிய. நேரே நில்லுங்கன்னு சொன்னதாக்கும்."

"இதை என்னட்ட நேரே சொல்லியிருந்தா என்ன?"

கிளீட்டஸ் முதல் தடவையாகச் சிரித்தான். "சொன்னா நிப்பியளா? இவன் எதுக்கு இங்க நிக்கச் சொல்லுதான், என்னமோ உண்டுன்னு அங்கோட்டு மாறி நின்னுருப்பிய."

அறையே வெடித்துச் சிரித்தது. மணியன் பாயில் உருண்டு சிரித்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

ஆனால் சிரித்ததோடு விஷயம் முடியவில்லை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, கடற்கரைக்காரனுக்குக் கதை சொல்லவா தெரியாது என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கடைசியில் மணியன், "அக்காதான் முதல்ல சொன்னது. அக்காவே சொல்லட்டு, எடுக்கணுமா வேண்டாமான்னு" என்றான்.

"தூக்கிப் பிடிச்சுப் பாக்காம நான் எதையும் எடுக்க மாட்டேன். குடையை எடு, கிரவுண்டுக்கு நட" என்றேன்.

சோதனை

சாயங்கால வெயில் இருந்தது. நான் பலா மரத்தடியில் குடையை விரித்து நின்றேன். கிளீட்டஸ் பெனால்ட்டி பெட்டிக்குள் முன்னும் பின்னுமாக ஓடி, திரும்பிப் பார்க்காமல் கோலின் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். மணியன் பின்னால் நின்று பார்த்துச் சொல்வான். ஓடினான், நின்றான். நடு. மறுபடி ஓடினான், நின்றான். நடு.

இதை எல்லாம் நான் நம்பிவிடவில்லை. பழக்கத்தில் கால் தானாகப் போய் நிற்கலாம். அவன் குனிந்து லேஸ் கட்டுகிற நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல், வேலியோரமாக நாலெட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். கிளீட்டஸ் எழுந்து ஓடினான். என்னைப் பார்த்தான். பின்னால் நடந்து போய், ஒரு கம்பத்தை ஒட்டி, மிகுந்த கம்பீரத்தோடு நின்றான். மணியன் தலையில் கை வைத்தான்.

பொய் சொல்கிறவனாக இருந்தால் அந்த முறையும் சரியாக நடுவில் போய் நின்றிருப்பான். தப்பாகப் போய் நின்றதால்தான் நான் நம்பினேன்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேரை உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். என்னை நம்பி ஒருவன் பார்த்தான் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அதை அவனிடம் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று, "வலையை மாத்து, நாத்தம் அடிக்குது" என்று மட்டும் சொன்னேன்.

அவன் அணியில் இருக்கிறான் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

திரும்பும்போதுதான் பார்த்தேன். ரோட்டோர டீக்கடை பெஞ்சில் வெள்ளைச் சட்டை. சுகுமாரன் டீ கிளாஸை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காஞ்சிரங்குளத்தில் டீ கிடைக்காமலா இவ்வளவு தூரம் வந்து குடிக்கிறார்? மணியனிடம் சொன்னேன். "அக்கா, இப்பந்தானே ஒண்ணு முடிஞ்சுது. அடுத்தது தொடங்காத" என்றான்.

பந்தல் நிழல்

இந்த சீசனின் முதல் ஆட்டமே காஞ்சிரங்குளத்தோடு வந்து மாட்டியது. போன ஞாயிறுதான் நடந்தது. சீட்டுக் குலுக்கி எடுத்ததாகச் சொன்னார்கள். குலுக்கியது யார் என்று நான் கேட்டேன்.

விருந்தினர்களுக்கு இந்த வருஷம் புதிதாக ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. நான் போகவில்லை. என் இடத்தில் குடையை விரித்து நின்றேன்.

முதல் பாதியில் ஷிபு ஒரு கோல் போட்டான். அவன் விசா இன்னும் வரவில்லை, கடவுளுக்கு நன்றி. இரண்டாம் பாதி முழுக்கக் காஞ்சிரங்குளத்துக்காரர்கள் எங்கள் பக்கமே நின்றார்கள். அனில் மூச்சு வாங்கினான். வடக்கேயிருந்து வந்தவன் இடுப்பில் கை வைத்து நின்றான். கிளீட்டஸ் மட்டும் பாய்ந்து பாய்ந்து தடுத்தான். ஒவ்வொரு தடவையும் பாய்வதற்கு முன் அவன் கண் என் பக்கம் வந்து போயிற்று. அது எனக்கான பார்வை என்று தெரிந்து நின்றது அன்றைக்குத்தான். முழங்கால் கடுத்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "சேச்சி, இந்த வெயிலத்து எதுக்கு நிக்கிய? பந்தல்ல வந்து இரிங்க. கசேர போடச் சொல்லியிருக்கேன்."

சுகுமாரன். கையில் நாரங்கா வெள்ளம். ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு. கிளாஸுக்கு வெளியே வேர்த்திருந்தது. இத்தனை வருஷம் ஒரே மரத்தடியில் நிற்கிறோம். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று அந்த மனிதர் கேட்டதில்லை.

"வேண்டாம். இங்க நல்லா இருக்கு" என்றேன்.

"கால் வேதனை உண்டுன்னு கேட்டேனே. அஞ்சு நிமிசம் இரிந்திட்டு வாங்க. களி எங்கயும் போகாது."

என் கால் வலி இவருக்கு எப்படித் தெரியும்? அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல சிரிப்பு. உண்மையாகவே வயதானவள் மேல் இரக்கப்பட்டு வந்தாரா, டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்ததை மனதில் வைத்து வந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நேரத்தில் நான் அந்தச் சிரிப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற மும்முரத்தில் முழுதாக அவர் பக்கம் திரும்பிவிட்டேன். குடையும் என்னோடு திரும்பி, மரத்தின் மேல் சாய்ந்துவிட்டது.

மைதானத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. பார்த்தேன். அதே பையன், அதே ஓரம். பந்தைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அனில் எங்கோ பின்னால் கிடந்தான். கிளீட்டஸ் கோலை விட்டு முன்னேறியிருந்தான். அவன் பந்தைப் பார்க்கவில்லை. பலா மரத்தடியைப் பார்த்தான். கையை உயர்த்தி இடப்பக்கமாக லேசாக அசைத்தான்.

போன வருஷமாக இருந்தால் நான் சுகுமாரனைத்தான் பார்த்திருப்பேன்.

"கொஞ்சம் மாறுங்க" என்று அவரைக் கையால் தள்ளினேன். நாரங்கா வெள்ளம் அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது. மரத்தை விட்டு ஓரடி முன்னே வந்து, முழங்கால் கடுக்கக் கடுக்க நேராக நிமிர்ந்து, குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

கிளீட்டஸ் என்னைப் பார்த்தான். அரையடி வலப்பக்கம் நகர்ந்து நின்றான். பையன் அடித்தான்.

பந்து அவன் நெஞ்சில் வந்து விழுந்தது. பாய வேண்டிய தேவைகூட வரவில்லை.

ஊர் கத்தியது. மணியன் எங்கிருந்தோ ஓடிவந்து கோட்டுக்குள் விழுந்து எழுந்தான். என் கண் நிறைந்துவிட்டது, எழுதுவதற்கு வெட்கமில்லை. பின்னால் சுகுமாரன் சட்டையை உதறிக்கொண்டே, "என்ன சேச்சி இது, ஒரு நல்லது செய்ய வந்தா" என்று ஏதோ சொன்னார். திரும்பவில்லை. ஆட்டம் முடியவில்லை, இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கி இருந்தது.

கிளீட்டஸ் பந்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி மறுபடியும் அசைத்தான். இந்தத் தடவை வலப்பக்கம், கொஞ்சம்.

நான் வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து நின்றேன்.